வழியில் இன்னும் ஒருவர்

பத்து நிமிடம் தொடர்ந்து யாரும் வரவில்லையென்றால், வரவேண்டியவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இந்தப் பெரிய உண்மையைக் கண்டுபிடித்து, ஒரு புரோகிராமில் ஒற்றை வரியாக எழுதிவைத்து, மூன்று வருடம் அதைப் பற்றி நினைக்காமலே நிம்மதியாக இருந்தவள் கமா.

கமா அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு கமாவை இடம் மாற்றிப் போட்டுவிட்டு இரண்டு நாள் அதைத் தேடினாள். மூன்றாம் நாள் முதலாளி வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. ஓட்டப் பந்தயங்களுக்கு நேரம் பார்த்துக் கொடுப்பதுதான் அந்தச் சின்ன நிறுவனத்தின் தொழில். ஓடுகிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் அட்டையின் பின்னால் நகத்தளவு ஒரு சிப் இருக்கும். தொடக்கக் கோட்டில் ஒரு ரப்பர் பாய், முடிவுக் கோட்டில் ஒரு ரப்பர் பாய். சிப்போடு பாயைத் தாண்டினால் 'பீப்' என்று சத்தம் வரும். அந்த நொடியே யார், எத்தனை மணிக்கு என்பது கமாவின் லேப்டாப்புக்கு வந்து சேரும்.

வருவதை வந்தபடி திரையில் காட்டுவது சுலபம். ஒருவர் வந்தார், காட்டு. இன்னொருவர் வந்தார், காட்டு. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிற ஓடை. ஆனால் போட்டி நடத்தும் குழுவுக்கு ஓடை வேண்டாம், பட்டியல் வேண்டும். வயதுவாரியாக, இடம்வாரியாக அச்சடித்து, முத்திரை குத்திப் பலகையில் ஒட்டவேண்டும். ஓடையைப் பட்டியலாக மாற்றப் புரோகிராமில் ஒரே ஒரு கட்டளை போதும்: எல்லாவற்றையும் திரட்டிக் கொடு. அதுவும் மறுபேச்சில்லாமல் திரட்டும். ஆனால் 'முடிந்தது' என்று ஓடையே சொல்லும்வரை, திரட்டியதைக் கண்ணில் காட்டாது. ரப்பர் பாய்க்கோ 'பீப்' மட்டும்தான் சொல்லத் தெரியும். முதல் தடவை சோதித்தபோது கமா காலையிலிருந்து சாயங்காலம்வரை பிரிண்டர் முன்னால் தவம் கிடந்தாள். ஒரு காகிதமும் வரவில்லை. வெறுத்துப்போய் எழுதியதுதான் அந்தப் பத்து நிமிட வரி.

மூன்று வருடம் அது ஜோராக வேலை செய்தது. நாலாவது வருடம் அக்கா ஓடினாள்.

அக்கா கமாவின் கூடப் பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நாற்பத்தாறு வயது. முட்டிவலிக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். நடந்தவள் ஓட ஆரம்பித்தாள், ஓடினவள் இருபத்தொரு கிலோமீட்டர் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டாள். ஓட்டம் என்று நாம் ஒரு மரியாதைக்குச் சொல்கிறோம். அக்காவை வேகமாக நடக்கிறவர்கள் தாண்டிப் போவார்கள். ஆனால் அவள் நிற்கமாட்டாள், அதுதான் அவளிடம் உள்ள விஷயம். நாலேகால் மணி நேரம் நிற்காமல் வந்து கோட்டைத் தொட்டாள். அவளுக்கு முன்னால் கடைசியாக வந்தவர் வந்து பதின்மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

பத்தாவது நிமிடத்திலேயே புரோகிராம் கடையைக் கட்டிவிட்டது. பட்டியல் அச்சாகி, முத்திரை விழுந்து, பலகையில் ஏறிவிட்டது. அக்கா மிதித்தபோது பாய் 'பீப்' என்றது, பாவம். கேட்க யாரும் இல்லை. கமா ஓடிப்போய்க் குழுவின் செயலாளரிடம் கெஞ்சினாள். அவர் ஒரு காலத்தில் பெரிய ஓட்டக்காரர், இப்போதும் கழுத்தில் விசில் தொங்கும். "ஒட்டினது ஒட்டினதுதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்காவிடம் என்ன சொல்வது? "மிஷின் கோளாறுக்கா" என்றாள் கமா. மிஷினுக்குத்தான் வாய் கிடையாதே, மறுக்கவா போகிறது?

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. திங்கட்கிழமை வகுப்பில் இரண்டாம் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். "டீச்சர், நாங்க லிஸ்ட்ட மூணு தடவ பாத்தோம். உங்க பேர் இல்லையே?"

அலகு போடாத விடைக்கு அரை மார்க் குறைக்கிற டீச்சர் அவள். நாற்பது பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடினேன் என்று சொல்லியிருக்கிறாள். சொன்னதற்கு ஆதாரம் எங்கே என்று அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவளும் அவளேதான். "நானே சொல்றேன், ஆனா எனக்கே அது பொய் மாதிரி இருந்துச்சுடி" என்று அன்று சாயங்காலம் கமாவின் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அக்கா அழுது கமா பார்த்ததில்லை. அந்த ஒற்றை வரி தன்னுடையது என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் விட்டாள். ஒரு வருடம் அது தொண்டையில் முள்ளாக நின்றது.

அந்த முள்ளைப் பிடுங்கத்தான் இந்த வருடம் புரோகிராமையே மாற்றி எழுதினாள். மௌனத்தை நம்புவதில்லை என்று முடிவு. தொடக்கப் பாயை மிதித்தவர் ஒவ்வொருவரும் 'வழியில்' இருப்பவர். முடிவுப் பாயை மிதித்தால் 'முடித்தவர்' கணக்குக்கு வந்துவிடுவார். ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளக் கூட்டத்தின் வாலில் ஒரு வேன் வரும். அதன் கதவில் வைத்த ஒரு கருவி, ஏறுகிறவரின் சிப்பைப் படித்து 'வேனில்' என்று எழுதிக்கொள்ளும். வழியில் இருப்பவர் பூஜ்யம் ஆகும்போது, அப்போதுதான் ஓடை முடிந்தது. அப்போதுதான் பட்டியல். அது பத்து நிமிடமானாலும் சரி, பத்து மணி நேரமானாலும் சரி.

ஐம்பது கற்பனை ஓட்டக்காரர்களை உருவாக்கிச் சோதித்தாள். கற்பனை மனிதர்கள் தங்கமான பிள்ளைகள். தொடங்கினார்கள், முடித்தார்கள், முடியாதவர்கள் சமர்த்தாக வேனில் ஏறினார்கள். பட்டியல் மணியாக வந்தது. "சார், பட்டியல்ல ஒரு சின்ன மாத்தம் செஞ்சிருக்கேன்" என்று முதலாளியிடம் சொன்னாள். அவர் போனில் யாரிடமோ கத்திக்கொண்டே தலையை ஆட்டினார். தலையாட்டலை அனுமதி என்று எடுத்துக்கொள்வது எல்லா அலுவலகத்திலும் உள்ள வழக்கம்தானே.

பந்தய நாள் காலை ஏழு மணிக்குத் துப்பாக்கி வெடித்தது. கூட்டம் பாயைத் தாண்டிப் போனது. 'தொடங்கியவர் எவரும் முடிக்கலாம்' என்று குழு கட்டியிருந்த பேனர் காற்றில் படபடத்தது. நேரக் கட்டுப்பாடு கிடையாது, அதுதான் அந்தப் போட்டியின் பெருமை. அக்கா கடைசி வரிசையில் போனாள், கையசைக்கக்கூட இல்லை. கூட்டம் போனபின் முதலாளி வழக்கம்போலத் தொடக்கப் பாயை ஒரு நடை நடந்து பார்த்து, "உயிரோட இருக்கு" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

பத்து மணி ஐம்பத்தெட்டுக்கு ஒரு பெரியவர் வந்து முடித்தார். அதன்பிறகு சாலை வெறிச்சென்று ஆகிவிட்டது.

பதினொன்று எட்டுக்கு முதலாளி பிரிண்டரைப் பார்த்தார். பதினொன்று பத்துக்கு அதைத் தட்டினார். பதினொன்று பன்னிரண்டுக்குக் கமாவைப் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு? லிஸ்ட் எங்க?"

"இன்னும் ரெண்டு பேர் வழியில இருக்காங்க சார்." திரையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

"பத்து நிமிஷம் ஆயிடுச்சே. தானா வந்திருக்கணுமே."

"அந்தப் பத்து நிமிஷத்த எடுத்துட்டேன் சார்."

முதலாளியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "யாரக் கேட்டு எடுத்த?"

"உங்களக் கேட்டுத்தான் சார். தலையாட்டினீங்க."

செயலாளர் முத்திரையும் கையுமாகக் கூடாரத்துக்குள் வந்தார். பரிசு வாங்க வந்தவர்கள் அவர் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார்கள். நாற்காலிக்காரர்கள் நாற்காலியை மடிக்க ஆரம்பித்திருந்தார்கள். "பதினொன்றரைக்கு நான் கையெழுத்துப் போட்டாகணும்" என்றார் செயலாளர். "ரெண்டு பேருக்காக முந்நூறு பேர நிறுத்தி வைக்க முடியாதும்மா."

"அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் எங்க அக்கா" என்றாள் கமா. "போன வருஷமும் அவங்கதான்."

செயலாளருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். விசிலைத் திருகிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"இங்க பாரு" என்றார் முதலாளி. "அத நிறுத்து. பழசப் போடு. இருக்கிறவங்க லிஸ்ட்டக் கொடுத்துட்டு, உங்க அக்கா பேர அடியில பேனாவால எழுதிக்கலாம்."

கமா லேப்டாப்பை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள். "நிறுத்த முடியாது சார். காலையிலருந்து வந்தவங்க எல்லாரும் அதுக்குள்ளதான் இருக்காங்க. இப்ப நிறுத்தினா எல்லாரோட நேரமும் போயிடும்."

அது சத்தியமான உண்மை. 'எல்லாவற்றையும் திரட்டிக் கொடு' என்ற கட்டளை திரட்டியதையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நடுவில் எட்டிப் பார்க்க அவள் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் வெளியே தெரியும். யார் யார் என்பது உள்ளே. பத்து நிமிட அசட்டுத்தனத்தைச் சரிசெய்யப் போய் வேறொரு அசட்டுத்தனத்தைச் செய்து வைத்திருந்தாள், நம் கெட்டிக்காரி.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டவும் இல்லை. அவர் திட்டாமல் இருந்தால்தான் பயப்படவேண்டும் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கமா மாமாவுக்குப் போன் போட்டாள். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். சைக்கிளில் தண்ணீர் பாட்டிலோடு அக்கா பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தார்.

"எங்க மாமா இருக்கீங்க?"

"பாலம் தாண்டியாச்சு. வந்துட்டே இருக்கா. பேசாத, பேசினா திட்டறா."

"பின்னாடி யாராவது வராங்களா?"

"யாருமில்ல. வேன் மட்டும்தான் வருது. டிரைவர் நாலு தடவ ஏறிக்கங்கன்னு கூப்பிட்டுட்டாரு. அஞ்சாவது தடவ கேட்டா உங்க அக்கா அவரத்தான் இறக்கி ஓட விடுவா."

பதினொன்று இருபத்தொன்றுக்கு அக்கா திருப்பத்தில் தெரிந்தாள். சிவந்த முகம், ஒரு பக்கம் சாய்ந்த நடை, தேய்த்துத் தேய்த்து வைக்கிற கால். மடித்த நாற்காலிகளைத் தோளில் தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராக வந்து, கோட்டைத் தாண்டி, பாயின் நடுவில் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். இந்த வருடம் விட்டுவிடாதே என்று பாய்க்கே சொல்கிற மாதிரி நின்றாள்.

பீப்.

கமா திரையைப் பார்த்தாள். வழியில்: 1. பிரிண்டர் அசையவில்லை.

"என் பேர் வந்துச்சா?" அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே கூடாரத்துக்குள் வந்தாள். கமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே இருக்குக்கா, ஆனால் வெளியே வரமாட்டேன் என்கிறது என்று எப்படிச் சொல்வது? சொன்னாள். இன்னும் ஒருவர் வழியில் இருக்கிறார், அவர் வந்தால்தான் பட்டியல் என்று சொன்னாள்.

"எனக்குப் பின்னாடி யாரும் இல்லையே."

"அதான்க்கா எனக்கும் புரியல."

அக்கா ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, திரையைப் பார்த்தாள். நாலு மணி நேரம் ஓடிவந்தவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரவேண்டும். அக்காவுக்குக் கணக்கைக் கண்டால் கண் தெளிந்துவிடும்.

"தொடங்கினவங்க முந்நூத்திப் பன்னண்டு. முடிச்சவங்க முந்நூத்தி ரெண்டு. வேன்ல ஒம்பது" என்று வாசித்தாள். செயலாளர் பக்கம் திரும்பினாள். "சார், காலையில எத்தன நம்பர் அட்ட கொடுத்தீங்க?"

"முந்நூத்திப் பதினொண்ணு. ஒண்ணுகூட மிச்சமில்ல, நானே எண்ணினேன்."

"முந்நூத்தி ரெண்டும் ஒம்பதும் எவ்வளவுடி?"

கமாவுக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. இருந்தாலும் அந்தக் குரலுக்கு முன்னால் எழுந்து நின்றுதான் பதில் சொன்னாள். "முந்நூத்திப் பதினொண்ணு."

"அப்ப ஓடினவங்க எல்லாரும் கணக்குக்கு வந்துட்டாங்க. ஓடாத ஒருத்தன் ஓடிக்கிட்டே இருக்கான். அவன் யாருன்னு பாரு."

காலையிலிருந்து கமா 'வழியில்' என்ற ஒரு எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு நேர்மேலே இருந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. ஓடாதவன். பாயை மிதித்தவன், ஆனால் ஓடாதவன். துப்பாக்கி வெடித்து, கூட்டம் போய்...

மெதுவாகத் திரும்பி முதலாளியின் சட்டைப்பையைப் பார்த்தாள்.

கூட்டம் மிதிக்கிற மிதியில் பாயின் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு சோதனைச் சிப்போடு பாயைத் தாண்டுவது அவர் வழக்கம். பேர் இல்லாத சிப்பைப் புரோகிராம் சேர்க்காது என்பதால், தன் பேரிலேயே அதைப் பதிந்து வைத்திருந்தார். பழைய புரோகிராமுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முடித்தவர்களை மட்டும்தான் அது பார்க்கும். புதியதோ தொடங்கிய ஒவ்வொருவருக்காகவும் காத்திருக்கும். காலை ஏழு மணி ஐந்து நிமிடத்திலிருந்து முதலாளி பந்தயத்தில் இருந்தார். டீ குடித்தார், போன் பேசினார், பிரிண்டரைத் தட்டினார், எல்லாவற்றையும் ஓடிக்கொண்டே செய்திருக்கிறார்.

"சார்" என்றாள் கமா. "வழியில இருக்கிறது நீங்கதான்."

முதலாளி பையில் கைவிட்டார். பேனாவோடு சிப்பும் வந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "சரி சரி, இதக் கொண்டுபோய்ப் பாய் மேல போட்டுடு."

"அதெப்படி?" என்றார் செயலாளர். அவர் முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்திருந்தது. பேனரைக் காட்டினார். "தொடங்கினவருதான் சார் முடிக்கணும்."

கூடாரத்துக்கு வெளியே செய்தி பரவிவிட்டது. முதலாளி வேறு வழியில்லாமல் வேட்டைக்குப் போகிறவர் மாதிரி பெல்ட்டை ஏற்றி விட்டுக்கொண்டு இறங்கினார். மாமா சைக்கிள் மணியை அடித்தார். முப்பதடி தூரம்தான், ஆனால் அவர் வயிறு ஒரு பக்கமும் செருப்பு ஒரு பக்கமும் இழுக்க, ஓடித்தான் போனார். நடந்து போயிருக்கலாம். நூறு பேர் "வாங்க சார், வாங்க" என்று கத்தும்போது யாரால் நடக்க முடியும்?

பீப். வழியில்: 0.

பிரிண்டர் ஒரு தடவை கனைத்தது. பிறகு காகிதத்தைத் தள்ள ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பக்கங்கள் சூடாக வந்து விழுந்தன. கமா சத்தியமாக வாய்விட்டுக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அக்கா கடைசிப் பக்கத்தை எடுத்தாள். அடியிலிருந்து இரண்டாவது வரியில் அவள் பேர், நாலு மணி இருபத்தொரு நிமிடம். அதற்குக் கீழே, கடைசி வரியில், முதலாளி.

"பாத்தியாக்கா, நீ கடைசிகூட இல்ல" என்றாள் கமா.

அக்கா செயலாளரிடம் சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். முதலாளியின் வரியை ஸ்கேல் வைத்த மாதிரி நேராக அடித்தாள். "முப்பதடி ஓடினதுக்கெல்லாம் மார்க் போட முடியாது. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்." செயலாளர் மறுபேச்சில்லாமல் போட்டார். "கடைசின்னா கடைசி. இருக்கேனா இல்லையா, அதான் கேள்வி." தன் பேருக்கு நேராக ஒரு டிக் போட்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது.

கமா அந்த நேரம் பார்த்துத்தான் குட்டை உடைத்தாள். "அக்கா, போன வருஷம் மிஷின் கோளாறு இல்ல. பத்து நிமிஷம் யாரும் வரலன்னா எல்லாரும் வந்துட்டாங்கன்னு எழுதினது நான்தான்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது பிள்ளைகளை அடக்குகிற பார்வை அது. சிவப்புப் பேனாவை மூடிச் செயலாளரிடம் கொடுத்தாள்.

"இம்போசிஷன்" என்றாள் கடைசியில். "யாரும் வரலன்னா எல்லாரும் வந்துட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. நூறு தடவ. கம்ப்யூட்டர்ல அடிச்சுக் கொண்டுவந்தா கிழிச்சுடுவேன். கையால எழுதணும்."

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கமா அறுபத்து மூன்றாவது வரியில் இருந்தாள், விரல் வலித்தது. ஒரு வரி அதிகமாக எழுதி முதலாளி மேஜையிலும் ஒட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி. முதலில் நாற்காலிகள் நகரும் சத்தம், யாரோ யாரையோ தள்ளாதே என்று சொல்லும் சத்தம், கரும்பலகையில் ஒட்டிய காகிதத்தை ஒரு விரல் தட்டித் தட்டி இறங்கும் சத்தம். பிறகு அந்த இரண்டாம் பெஞ்சுப் பெண்ணின் குரல் வகுப்பே அதிர எழுந்தது.

"இருக்கீங்க டீச்சர்! இங்க இருக்கீங்க!"